ஆற்றுப் பக்கம் சாய்ந்த தெரு

ஆற்றுக்கு அக்கரையில் லேத் ஓட்டுகிறவர்களின் சம்பளம் கால் பங்கு உயர்ந்த அன்று காலை, பட்டறைத் தெரு ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. பெரிய சாய்வு என்று சொல்ல முடியாது. எந்தச் சுவரிலும் விரிசல் விழவில்லை, கதவுகளை முன்போலவே சாத்த முடிந்தது. டீக்கடையில் டம்ளருக்குள் டீ ஒரு பக்கம் ஏறி நின்றது. கடைக்காரர் மேசைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துவிட்டு, மேசை செய்த தச்சரைத் திட்டினார். சைக்கிள் கடையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. அந்தக் கடைக்காரர் ஸ்டாண்டுகளைத் திட்டினார். ஆளாளுக்குத் திட்டுவதற்கு ஒரு பொருள் கையருகே இருந்ததால், தெருவை யாரும் சந்தேகப்படவில்லை.

கண்டுபிடித்தவள் மட்டக்காரி. அது தெரு வைத்த பெயர். இயற்பியல் படித்துவிட்டு, தெரு நடுவில் இருந்த அச்சுப் பட்டறையில் அளவு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பாட்டில் மூடியோ சீப்போ ஊசிக்குழலோ, பிளாஸ்டிக்கில் ஆயிரக்கணக்கில் வார்க்க வேண்டுமென்றால் முதலில் எஃகில் ஓர் அச்சு செய்தாக வேண்டும். அந்த அச்சு ஒரு தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. பிசகியிருக்கிறதா என்று சொல்வது அவள் வேலை. பட்டறையின் ரசமட்டமும் அவள் பொறுப்பில் இருந்தது. கொத்தனார்கள் வைத்திருப்பதுபோல்தான், கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குமிழி. ஆனால் இது மெஷின்களை நிறுத்துவதற்கானது. மேசையின் ஒரு காலடியில் மெல்லிய தாளைச் செருகினால்கூடக் குமிழி இடம் மாறிவிடும். அன்று காலை அது, தெருவின் ஆற்றுக்கு எதிர்க்கோடியில் ஓடும் ரயில் பாதையின் பக்கமாக, இரண்டு கோடு ஏறி நின்றது. குமிழி எப்போதும் மேட்டைத் தேடிப் போகும். ஆகவே ஆற்றுப் பக்கம் பள்ளம். அவள் உடனே நம்பிவிடவில்லை. கருவியை முதலில் சந்தேகப்படுவதுதான் அந்தத் தொழிலில் மரியாதை. ரசமட்டத்தைத் தலை மாற்றித் திருப்பி வைத்தாள். பொய் சொல்லும் ரசமட்டம் திருப்பி வைத்தால் மாட்டிக்கொள்ளும், இரண்டு முறையும் ஒரே கதையைச் சொல்லாது. இது சொன்னது. மறுபடியும் ரயில் பக்கம், அதே இரண்டு கோடு.

அவள் ரசமட்டத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். டீக்கடைப் படியில் வைத்தாள், சைக்கிள் கடை வாசலில் வைத்தாள், தெருவின் ரயில் கோடியில் இருந்த தன் வீட்டுச் சமையலறைத் தரையிலும் வைத்தாள். எல்லா இடத்திலும் இரண்டு கோடு. அவள் கணவன் அதே பட்டறையில் சாணைக்கல் மெஷின் ஓட்டுகிறவன். அச்சுகளுக்குக் கடைசி மெருகு அவன் கையால்தான். சாணைக்காரன் என்று கூப்பிடுவார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவன், மண்டியிட்டிருந்த மனைவியைப் பார்த்து, "அடுப்பையும் லெவல் பண்ணணுமா?" என்று கேட்டான். வீட்டில் மூன்றாவது ஆள் அவன் தங்கை. கம்ப்யூட்டர் மெஷின்களுக்கு நிரல் எழுதுகிறவள், வாய் நீளம். அவள்தான் காரணத்தைக் கொண்டுவந்தாள். "அண்ணி, அக்கரையில லேத் ஓட்டற டர்னருக்கெல்லாம் கால் பங்கு ஏத்திட்டாங்களாம். நம்ம தெரு அதைக் கேட்டு மயங்கி விழுந்திருக்கு." விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அக்கரையில் ஓவர்டைம் நின்ற மாதம் குமிழி அரைக் கோடு நடுவுக்கு வந்தது. ஓவர்டைம் திரும்பியதும் விட்ட இடத்துக்குப் போனது. வருடம் முடிவதற்குள் இதில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போயிற்று.

அதன்பின் தெரு அதற்கேற்ப வாழக் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டு ஒன்று இருந்தது. காலையில் அதைத் தரையில் விடுவார்கள். எந்தத் திசையில் உருள்கிறதோ அங்கே சம்பளம் கூடுதல். எவ்வளவு வேகமோ அவ்வளவு வித்தியாசம். வடக்கே கார் உதிரிபாக ஆலைகள் திறந்தபோது குண்டுகள் இரண்டு மழைக்காலம் வடக்குச் சுவரில் முட்டின. அங்கே ஆட்குறைப்பு வந்ததும் மறுபடி ஆற்றுப் பக்கம் திரும்பின. எந்தத் தொழிலுக்கு எத்தனை ஆள் வேண்டும், என்ன கூலி என்று கேட்டு எழுதிப்போகத் தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அலுவலர் வருவார். அவருடைய அறிக்கை அச்சாகி வருவதற்குள் அதிலிருக்கும் ஆட்கள் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். டீக்கடையில் அவருக்குக் குண்டை உருட்டிக் காட்டினார்கள். அவர் நல்ல மனிதர். இரண்டு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "சரிதான். ஆனா இதை எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று கேட்டார். போகும்போது ஒரு குண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆட்கள் ராஜினாமா செய்து போகவில்லை, சறுக்கிப் போனார்கள். முதலில் போனது லேத் ஓட்டுகிறவர்கள். மூத்த டர்னர் ஒரு நாள் வேலைக்கு வரச் சைக்கிளில் ஏறினார். பெடல் மிதிக்காமலேயே வண்டி ஓடியது. பட்டறை வாசலில் பிரேக்கைப் பிடித்தார். பிடித்தபடியே பாலத்தைத் தாண்டிவிட்டார். அக்கரையில் ஒரு கம்பெனி வாசலில் வண்டி தானாக நின்றபோது, அங்கே அவருக்காகப் புது மேலுடுப்பை மடித்து வைத்திருந்தார்கள். தன் மேல் தப்பில்லை, பிரேக் கட்டை தேய்ந்திருந்தது என்று அவர் கடைசிவரை சொன்னார். அவருக்குப் பிறகு அச்சுப் பொருத்துகிறவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பிறகு மட்டக்காரியின் நாத்தனார். அவள் பிரேக்கையே தொடவில்லை. போனவர்கள் வாரம் முழுக்க அக்கரையில் தங்கி ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவார்கள். வருவது ஏற்றம் என்பதால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வேர்த்துக் கொட்டி, வீட்டுப் படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் மூச்சு வாங்குவார்கள். "போறப்ப காத்து மாதிரி போறீங்க, வர்றப்ப மட்டும் வாயில நுரை தள்ளுது" என்று டர்னரின் மனைவி தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்.

பட்டறையை நடத்தியது ஒரு முதலாளியம்மா. கணக்குப் பார்ப்பதோடு நிறுத்தாமல் மெஷின்களையும் ஓட்டத் தெரிந்தவர். சம்பளம் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் தாராளம். மின்விசிறி, பாதுகாப்புக் கண்ணாடி, வேளைக்கு டீ, மருந்துச் செலவு எதிலும் கை சுருக்கியதில்லை. சம்பளத்தை ஏற்றினால் மட்டும், ஒரு முறை ஏற்றியதை இறக்க முடியாது என்று பயம். அதனால் சரிவை அவர் மெஷின் பிரச்சினையாகவே பார்த்தார். மெஷின் மட்டமாக இல்லையென்றால் ஆற்றுப் பக்கத்துக் காலுக்கு அடியில் இரும்புத் தகட்டை வைக்க வேண்டும், அவ்வளவுதானே. திங்கள்கிழமைதோறும் மட்டக்காரி குமிழியைப் பார்த்துச் சொல்வாள், ஆட்கள் கடப்பாரையால் நெம்புவார்கள், ஒரு தகடு உள்ளே போகும். வருடங்கள் போகப் போகத் தகடுகள் ஒரு சாண் உயரத்துக்கு அடுக்காகிவிட்டன. தெரு முழுக்கச் சாய்ந்திருக்க, பட்டறைக்குள் மெஷின்கள் மட்டும் கப்பல் தளத்தில் நின்றதுபோல நிமிர்ந்து நின்றன. வந்து போகிற வாடிக்கையாளர்களிடம் முதலாளியம்மா, "நம்ம மெஷின்ல ஒரு நூல் சரிவு காட்டுங்க பாப்போம்" என்பார். யாராலும் காட்ட முடியவில்லை.

மெஷினுக்குத் தகடு வைத்தார்களே தவிர, ஆளுக்கு வைக்கவில்லை. ஆட்கள் நின்றது தரையில். நேராக நிற்கும் மெஷின் முன்னால் சாய்ந்த தரையில் நாள் முழுக்க நின்றால் ஒரு கால் நீண்டதுபோலவும் மற்றது குட்டையானதுபோலவும் ஆகிவிடும். ஆட்கள் முறையிட்டபோது முதலாளியம்மா யோசித்து, ஆற்றுப் பக்கத்துக் காலுக்குத் தடித்த அடி வைத்த செருப்புகளைச் செய்வித்துக் கொடுத்தார். மெஷினைப் பார்த்து நிற்கும்வரை அருமையாக இருந்தது. கருவி எடுக்கத் திரும்பினால் தடித்த அடி மேட்டுப் பக்கம் போய்விடும். சரிவு இரட்டிப்பாகும். முதல் நாளே மில்லிங் மெஷின்காரர் டீ வாங்கத் திரும்பினவர், டீக்காரப் பெண்ணையும் கெட்டிலையும் தாண்டி எண்ணெய்ப் பீப்பாயில் போய் விழுந்தார். "அம்மா, இந்தச் செருப்புல ஒரு பக்கமா மட்டும்தான் மனுஷனா இருக்க முடியுது" என்றார். செருப்புகள் கொட்டகை மூலைக்குப் போயின.

இப்படியே பழகிப்போயிருந்த காலத்தில்தான் ஊசிக்குழல் அச்சு வேலை வந்தது. மருத்துவமனைகளுக்கு ஊசிக்குழல் செய்யும் கம்பெனி ஒன்று, ஒரே அழுத்தில் பல குழல்கள் வார்க்கும் அச்சைக் கேட்டிருந்தது. பட்டறை அதுவரை செய்ததிலேயே பெரிய வேலை. அதை முடித்துக் கொடுத்தால் இன்னும் பல வருடம் ஓடலாம். கெடுத்தால் மெஷின்களை விற்க வேண்டியதுதான். குழலின் உள்வெளியை உண்டாக்கும் எஃகுத் தண்டுகளை மெருகேற்ற ஊரில் ஒரே ஒரு கைதான் மிச்சம் இருந்தது. சாணைக்காரனுடைய கை. அதே மாதம் அக்கரைக் கம்பெனிகளும் சாணைக்காரர்களைத் தேட ஆரம்பித்தன. திங்கள்கிழமை மட்டக்காரி குமிழியைப் பார்த்தாள். அது கோடுகளைக் கடந்து குழலின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டிலும் அது தெரிந்தது. இருவரும் படுக்கும் கட்டில் விடிவதற்குள் சுவரோரம் நகர்ந்திருந்தது. குழம்புச் சட்டியை அடுப்பில் ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சாணைக்காரன் எப்போதும் அதிகம் பேசுகிறவன் அல்ல. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்கிக்கொண்டு வந்த நாத்தனார், வந்ததும் வராததுமாக, "என்னண்ணா, உன்னை எப்பப் பாலத்துல பாக்கறது? உனக்கு ஒரு மெஷின் துடைச்சு வெச்சிருக்காங்க" என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று மட்டக்காரியால் அளக்க முடியவில்லை. கடந்த சில வருடங்களில் அவள் அளந்து சொன்ன ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் ஆள் பட்டறையை விட்டுப் போயிருந்தான். குமிழி இவ்வளவு ஏறியிருப்பதை அவன் பார்த்தால், அக்கரையில் தன் மதிப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும், மறுநாள் பிரேக் பிடிக்காது என்று அவள் நினைத்தாள். இருவரும் பேச ஆரம்பித்ததே அந்தப் பட்டறையில்தான். அவன் அளவுக்குக் கொண்டுவந்த முதல் உருப்படியை அவள் திருப்பி அனுப்பினாள். இரண்டாவதையும் அனுப்பினாள். மூன்றாவதில் குறை இல்லை, ஆனாலும் அவன் திரும்ப வரட்டும் என்று அனுப்பினாள்.

ரசமட்டத்தின் ஒரு முனையில் சின்னத் திருகு ஒன்று உண்டு. குமிழி காட்டுவது தப்பென்று தெரிந்தால் அதைத் திருகிச் சரிசெய்வார்கள். அதற்கான சாவி அவளிடம் மட்டும்தான், வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கும். அந்தத் திங்கள்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் டீக்கடைக்குப் போயிருந்தபோது அவள் அந்தச் சாவியைப் போட்டு, குமிழி நடுவுக்கு வரும்வரை திருகினாள். எல்லோரும் திரும்பியதும் முதலாளியம்மாவிடம், குமிழி மட்டமாக இருக்கிறது, இந்த வாரம் சாணை மெஷினுக்குப் புதுத் தகடு வேண்டாம் என்று சொன்னாள். "ஆமா, கொஞ்ச நாளா எனக்கும் முட்டி வலி குறைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்று முதலாளியம்மா சந்தோஷப்பட்டார்.

அந்த வாரமே ஒரு தண்டு கருகியது. சாணைக்கல் எஃகைத் தொடும் இடத்தில் பால் நிறத்தில் ஒரு குளிர்நீர் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கணம் தப்பினால் எஃகில் டீக்கறை போல ஒரு சுட்ட தடம் விழும். சுட்ட தண்டை உருக்கத்தான் போட வேண்டும். சாணைக்காரன் அந்த மெஷினில் நின்ற வருடங்களில் ஒரு தண்டைக்கூடச் சுட்டவன் அல்ல. அவன் கல்லைப் பார்த்தான், கல்லில் குறை இல்லை. மோட்டாரைப் பார்த்தான், அதிலும் இல்லை. பிறகுதான் குளிர்நீர் தொட்டியைப் பார்த்தான். நீர் ஆற்றுப் பக்கத்து விளிம்பைத் தாண்டி வழிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ரயில் பக்கம் தொட்டியின் அடித்தகடு காய்ந்து கிடந்தது. மெஷின்மேல் வைத்திருந்த ரசமட்டத்தில் குமிழி நட்ட நடுவில் நின்றது. அவன் ரசமட்டத்தைத் தூக்கி, தலை மாற்றித் திருப்பி வைத்தான். குமிழி ஓட்டமாக ஓடி ஓரத்தில் முட்டியது.

மட்டக்காரி அளவு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அருகில் வந்து மெதுவாகக் கேட்டான். "செருப்பு மாதிரிதான் இதுவும். திருப்பினா ரெட்டிப்பா ஓடுது. யாரு இந்தத் திருகைத் தொட்டது?"

"நான்தான்."

"எதுக்கும்மா?"

"குமிழியைப் பாத்தா நீங்க போயிடுவீங்கன்னு."

"நான் போறதா இருந்தா குமிழியைக் கேட்டுட்டா போவேன்?" என்றான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடது காலைத் தூக்கி மேசை ஓரத்தில் வைத்து, செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினான். வலது செருப்பையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தான், அது ஒழுங்காகத் தேய்ந்திருந்தது. இடது செருப்பின் வெளிவிளிம்பு, கத்தியால் சீவியதுபோல, தோல் தெரியும்வரை போயிருந்தது. "சரிவு ஏறின நாள்லேருந்து இந்தக் காலை மெஷின் காலுக்குப் பின்னாடி கோத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன். தொட்டுப் பாரு, கெண்டைக்கால் உலக்கை மாதிரி ஆயிருக்கு." அவள் தொட்டுப் பார்த்தாள். உலக்கைதான். அளவு பார்க்கிறவள் என்பதால் மற்றக் காலையும் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் இரண்டும் சரியாக வரவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆனா ஒண்ணு. மனசு நிக்கும். கால் எத்தனை நாள் நிக்கும்னு சொல்ல முடியாது" என்றான். அவளிடமிருந்து சாவியை வாங்கித் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ஒரு முறை திருப்பி வைத்துச் சரிபார்த்து, துணியால் துடைத்துக் கொடுத்தான்.

அவள் ரசமட்டத்தை ஒரு கையிலும் கருகிய தண்டை மறு கையிலும் எடுத்துக்கொண்டு முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். அவன் பின்னால் வந்தான். அறையில் எல்லாப் பொருளும் சரியாமல் இருக்கத் தட்டுமுட்டு வைத்து முட்டுக் கொடுத்திருந்தது; பேனாவுக்குக்கூட ஒரு முட்டு இருந்தது. நடந்ததை அவள் நின்றபடியே சொன்னாள்.

முதலாளியம்மா தண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்மா."

"ரசமட்டத்தையே பொய் சொல்ல வெச்சியே, உனக்கு எவ்வளவு தைரியம்டி?"

"தைரியம் இல்லம்மா. பயம்."

"அவ சொல்றது நெஜம்தான்மா" என்றான் சாணைக்காரன். "எனக்கும்தான் பயம். அதான் காலைக் கட்டிவெச்சு நிக்கிறேன்." அவன் செருப்பை மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று.

முதலாளியம்மா அந்தச் செருப்பை வாங்கி, எந்த அருவருப்பும் இல்லாமல், தேய்ந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எஃகு உருப்படியைத் தடவிப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். வெளியே மெஷின்களின் கால்களுக்கு அடியில் அடுக்கியிருந்த தகடுகள் கதவிடுக்கு வழியாகத் தெரிந்தன. "எல்லாக் காலுக்கும் தகடு வெச்சேன்" என்றார். "இதை விட்டுட்டேன்." பிறகு சாணைக்காரனின் சம்பளம் இனி அக்கரையில் என்னவோ அதேதான் என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அவன் காலடித் தரை ஒரு பலகை அகலத்துக்கு மெல்ல எழும்பி மட்டமாயிற்று. பேருந்து நின்று கதவு திறக்கும்போது வருவதுபோல ஒரு பெருமூச்சுச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தே பழகிய காலுக்கு இது தெரியாததால், அவன் ரயில் பக்கமாகச் சாய்ந்து அலமாரியில் முட்டிக்கொண்டான்.

பட்டறைக்குள் அவன் நடந்த இடமெல்லாம் மட்டமானது. மற்றவர்கள் நின்ற இடம் அப்படியே இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் தரை, இழுத்த கம்பளம்போல மேடும் பள்ளமுமாகிவிட்டது. சாணைக்காரன் கடந்துபோனால் டீக்காரப் பெண் தடுக்கினாள். மில்லிங் மெஷின்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அவர் மட்டும் மாடியில இருக்கார், நான் பள்ளத்துல நிக்கிறேன், நாங்க ரெண்டு பேரும் எப்படி ஒரே உருப்படியைப் பிடிக்கிறது?" என்று கத்தினார். நியாயமான கேள்வி. முதலாளியம்மா கதவில் நின்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரி, எல்லாருக்கும்தான். போதுமா?" என்றார். சற்று யோசித்து, "கொஞ்சம் கூடவே வெச்சுக்கோங்க. இன்னொரு வாட்டி என்னால கடப்பாரை பிடிக்க முடியாது" என்றும் சேர்த்தார். தரை ஒரே மூச்சில் எழும்பியது.

எழும்பியதும் எல்லா மெஷின்களும் ரயில் பக்கமாகச் சாய்ந்தன. அடியில் வருடக்கணக்கான தகடுகள் இருந்தன அல்லவா. அவற்றை உருவி எடுக்க ஒரு வாரம் பிடித்தது. மட்டக்காரி குமிழியைப் பார்த்துச் சொன்னாள், ஒவ்வொரு முறையும் திருப்பி வைத்து எல்லோருக்கும் காட்டிவிட்டே சொன்னாள். யாரும் கேட்கவில்லை; அவளாகக் காட்டினாள். உருவிய தகடுகள் வாசலில் குவிந்தன. டீக்கடைக்காரர் தன் மேசைக்கென்று இரண்டை எடுத்துப் போனார், பிறகு தேவையில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்.

ஊசிக்குழல் கம்பெனிக்கு முதலாளியம்மாவே போன் செய்தார். ஒரு தண்டு கருகிவிட்டது, புதிது செய்யக் கொஞ்சம் தாமதமாகும், விலையும் ஏறும் என்றார். ஏற்கெனவே சுற்று வட்டாரத்தில் எந்தப் பட்டறையிலும் அச்சு வேலைக்கு ஆள் இல்லை, கேட்ட இடமெல்லாம் வருடம் கழித்து வாருங்கள் என்றார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. "விலை இருக்கட்டும்மா" என்றது அந்தப் பக்கத்துக் குரல், "எப்பக் கிடைக்கும்னு சொல்லுங்க." முதலாளியம்மா போனை வைத்துவிட்டு, இத்தனை வருடம் தான் எதற்குப் பயந்தோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். சரியாக நினைவு வரவில்லை. அச்சு சொன்ன மாதத்தில் போய்ச் சேர்ந்தது. அதன் இரண்டு பாதிகளையும் மூடியபோது நடுவே வெளிச்சம்கூடப் புகவில்லை. அதைப் பார்த்து மட்டக்காரி தலையசைத்தாள். முதல் தடவையிலேயே அவள் தலையசைத்த உருப்படி அது என்று சாணைக்காரன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சம்பளம் ஏறியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாத்தனார் வழக்கத்தைவிட வெகு சீக்கிரமே வந்து நின்றாள். வேர்க்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. "அண்ணி! பாலத்துலேருந்து பெடலே மிதிக்கல. பட்டறை வாசல்ல வண்டி தானா நின்னுடுச்சு, இங்க வரைக்கும்தான் மிதிச்சேன். என்ன பண்ணி வெச்சீங்க ஊரை? மறுபடி ரசமட்டத்துல கையை வெச்சுட்டீங்களா?" என்றாள். அவள் திங்கள்கிழமை திரும்பிப் போகப் பார்த்தாள். பாலம் ஏற்றமாக இருந்தது, வண்டியைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாள். மூத்த டர்னர் வந்தார், பொருத்துகிறவர்கள் வந்தார்கள். டர்னர் தான் வரவேண்டும் என்று வரவில்லை, பிரேக் கட்டை மறுபடி தேய்ந்துவிட்டது என்றார். அவர் மனைவி அன்றே புது பிரேக் கட்டை வாங்கிக் கொடுத்தாள்.

முதலாளியம்மா கொஞ்சம் கூட வைத்ததால் தெரு இப்போது நேர் மட்டமாக இல்லை. இரு கோடிகளிலிருந்தும் பட்டறையை நோக்கி அரைக் கோடு சரிவு, கவிழ்க்காத தட்டு போல. மழைநீர் பட்டறை வாசல் வடிகாலுக்கு வந்து நன்றாக வடிகிறது. தெருவில் எங்கே எது கீழே விழுந்தாலும் மாலைக்குள் பட்டறை வாசலுக்கு வந்துவிடும். காவலாளி குண்டுகள், எலுமிச்சம்பழங்கள், பேனாக்கள், பாட்டில் மூடிகள் எல்லாவற்றையும் பொறுக்கி மதிலின்மேல் வரிசையாக வைப்பார். உரியவர்கள் வீடு திரும்பும்போது எடுத்துக்கொள்வார்கள். தொலைந்த பொருளைத் தேடும் பழக்கமே அந்தத் தெருவில் விட்டுப்போயிற்று. அலுவலர் அடுத்த வருடம் வந்தபோது, போன தடவை வாங்கிய குண்டை இங்கே தரையில் உருட்டிப் பார்த்தார். வாசல்வரை அதன் பின்னாலேயே போய், தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டார்.

வேலைக்குப் போகும்போது மட்டக்காரியும் சாணைக்காரனும் ஒரே சைக்கிளில் மிதிக்காமல் போகிறார்கள். திரும்பும்போது லேசான ஏற்றம். அவள் பின்னாலிருந்து இறங்கிக்கொள்கிறாள், அவன் தள்ளுகிறான், பேசிக்கொண்டே வருகிறார்கள். சம்பளம் கூடிய முதல் மாதம் அவன் வாங்கியது ஒரு ஜோடி செருப்பு. ஒரு வருடம் போட்டபின், வாசல் கூட்டும்போது அவள் அவற்றைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். பழக்கதோஷம். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. திருப்பிப் பிடித்தும் ஒரு முறை பார்த்தாள். பிறகு படியோரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். செருப்புகள் பட்டறைப் பக்கமாக ஒரு விரல் நகர்ந்து, ஒன்றை ஒன்று தொட்டு நின்றன.